துவைத்த சத்தம்

"வண்டிக்கு எங்கயாவது வலிச்சா அது எப்படிப்பா சொல்லும்?"

மகளுக்கு அப்போது ஆறு வயது. கார் கம்பெனியில் தான் வேலை செய்யும் ஒலிப்பதிவு அறையைக் காட்ட அவளை ஒரு விடுமுறை நாளில் அவன் கூட்டிவந்திருந்தான். மின்சாரத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெட்ரோல் எஞ்சின் கிடையாது, அதனால் உறுமலும் கிடையாது. உறுமாத காரை வேகப்பிரியர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே உறுமலை நாம் செய்து ஸ்பீக்கர் வழியாகப் போடுகிறோம் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தான். அவள் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது.

"சிவப்பு லைட் எரியும்மா."

"லைட்டுக்கே வலிச்சா?"

அவன் சிரித்துவிட்டு, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். பதில் தெரியாத கேள்விகளுக்குப் பெரியவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பதில் அது. கேள்வி மூன்று வருஷம் அப்படியே கிடந்தது.

வேலை இடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் ஃபேன் எப்போது கெட்டுப்போகும் என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான். "காது சாப்பிடப் போயிருக்கு", "காதுக்கு இன்னிக்கு ஜலதோஷம்" என்றெல்லாம் பேச்சு நடக்கும். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். பெருமை குடியேறிய இடத்தில் கவனம் மெதுவாக வீட்டைக் காலி செய்யும். அது அவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வரை தெரியாது.

அந்த வருஷத்துப் புதிய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சத்தம் அமையவே இல்லை. நான்கு மாதமாகக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்த உறுமல்களைக் கேட்டுவிட்டு மேனேஜர் ஒருதரம் "மிக்ஸி மாதிரி இருக்கு" என்றார். இன்னொருதரம் "பல் டாக்டர் ரூம்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். காதுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தன. "கையக் கட்டிப் போடவா?" என்று மனைவி கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

கடைசியில் மேனேஜரே வழி சொன்னார். "பழைய வண்டி ஒண்ணப் புடி. நெஜ எஞ்சின். அதோட உயிர எடுத்து இதுக்குள்ள போடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நம்ம கம்பெனிப் பெரியவர் கேக்க வர்றார். அவருக்குப் புடிக்கலேன்னா நீயும் நானும் வேற வேல பாக்கலாம்."

அப்படித்தான் அவன் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தான்.

அறுபத்தேழு வயதான அந்த அம்மாவை அந்தப் பகுதியே டீச்சர் என்று கூப்பிட்டதற்குக் காரணம், அவர் நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் என்பதுதான். பயிற்சி வண்டியாக இருந்தது ஒரே கார். வெளிர்ப் பச்சை நிறம், உருண்டை விளக்குகள், ஐம்பத்தெட்டு வருஷத்துப் பழசு. பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்கூலை மூடிய பிறகும் அவர் அதை விற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போகும் இரண்டு பேரை அதில் ஏற்றிக்கொண்டு போய், நாலு மணி நேரம் கூடவே இருந்து, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவார். காசு வாங்க மாட்டார். "பெட்ரோல் நான் போடறேன், பேச்சு அவங்க போடறாங்க. சரியாப் போச்சு" என்பார்.

புதன்கிழமை மத்தியானம் அவன் மைக்குகளோடு போய் நின்றான். என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அப்போ என் வண்டியோட இருமல எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பணக்கார வண்டிக்கு வெக்கப் போறீங்க."

"இருமல் இல்ல டீச்சர், குரல்."

"இந்த வயசுல ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

மூன்று மைக் வைக்க வேண்டும். ஒன்று சைலன்சர் பக்கத்தில், ஒன்று உள்ளே, ஒன்று முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பில். மூன்றாவதற்குச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். டீச்சர் டிக்கியைக் கைமுஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

"இதுக்குப் பூட்டு கெடையாது. ரெண்டு தட்டு தட்டினாத் தெறக்கும், ரெண்டு தட்டு தட்டினா மூடிக்கும்." உள்ளேயிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து அவிழ்த்தார். வரிசையாகத் தைத்த பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய வீல் ஸ்பேனரை உருவி அவன் கையில் கொடுப்பதற்குப் பதிலாகச் சுருளின் மேலேயே வைத்தார். "வேணுங்கறத நீங்களே எடுத்துக்குங்க. ஆனா எடுத்த பையிலயே வெச்சிருங்க. எங்கிட்ட வர்றவங்களுக்கு ஸ்டியரிங் காட்டறதுக்கு முன்னாடியே நான் சொல்றது இதைத்தான்."

பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுப்பில் டீ கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அவன் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, மைக்கைப் பொருத்தினான். சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஐந்து நட்டுகளையும் பாதி இறுக்கினான். முழு இறுக்கு, ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான். அது அவனுக்கும் தெரியும். இறக்கினான். ஸ்பேனரைக் கையில் எடுத்தான். போன் அடித்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு. ஆச்சா இல்லையா?" என்றார் மேனேஜர்.

"ஆயிட்டே இருக்கு சார்."

"ஆயிட்டே இருக்குன்னா ஆகலேன்னு அர்த்தம்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தான். பேசிக்கொண்டே மிச்ச ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டான். பேசிக்கொண்டே நட்டுகளை மறைக்கும் வீல் கப்பைக் காலால் அழுத்திப் பொருத்தினான். பேச்சு முடிந்தபோது வானம் கறுத்திருந்தது. டீச்சர் டீயோடு வந்து நின்றார். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். டீச்சர் ஸ்டியரிங்கில் உட்காரும் முன் தன் போனை அணைத்து டேஷ்போர்டு டப்பாவில் போட்டு மூடினார்.

"ஓட்டறப்போ நான் யாருக்கும் கெடைக்க மாட்டேன். நாப்பது வருஷப் பழக்கம்."

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் சத்தம் காதில் தேனாக இறங்கியது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக விரல்கள் தட்டாமல் இருந்தன. திரும்பி வந்ததும் முன் மைக்கை ஒயரோடு பானட்டுக்குள்ளிருந்தே உருவிவிட்டான். சக்கரத்தை மறுபடி தொட வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் துவைத்தான். பதிவில் வேண்டாத சத்தங்களுக்கு அவர்கள் அறையில் 'அழுக்கு' என்று பெயர். அதை நீக்கும் வேலைக்குத் துவைப்பது என்று பெயர். காற்று, நாய், மழைத்துளி எல்லாம் போயின. முன் மைக்கில் மட்டும் ஒரு 'டக்' இருந்தது. சின்னச் சத்தம். டக், டக், டக். கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் தணிகிறது, இது தணியவில்லை. அதை அவன் கவனிக்கத்தான் செய்தான். ஒயர் தொங்கி எங்கேயோ இடித்திருக்கிறது என்று முடிவு செய்தான். மெஷின் அதைப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையாலேயே வெட்டினான். எடுத்துக்கொண்ட அரை நிமிஷத் துண்டில் மட்டும் நூற்று எண்பத்தேழு டக். சாயங்காலம் மேனேஜர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்டா. பால் மாதிரி இருக்கு." அவன் வீட்டுக்குப் போய் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னான். அன்றைக்கும் ஏனோ சரியாகத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பெரியவர் வருகிறார் என்று அறையை ஒழுங்கு செய்யும்போது, ஒயர்ப் பெட்டியைக் கவிழ்த்தான். சுருண்ட ஒயர்களுக்கு நடுவே கனமாக ஒன்று மேஜையில் விழுந்தது. கைப்பிடியில் சிவப்பு டேப்.

அடடா, டீச்சருடையதை எடுத்து வந்துவிட்டோமே என்றுதான் முதலில் நினைத்தான். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஓரமாக வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றது. இதைக் கடைசியாக எதற்கு எடுத்தோம்? எடுத்தோம், எடுத்து என்ன செய்தோம்?

துவைக்காத பதிவைப் போட்டான். டக், டக், டக். கண்ணை மூடி எண்ணினான். எஞ்சினோடு சேராத சத்தம். வண்டி வேகமாகப் போனால் நெருங்குகிறது, மெதுவாகப் போனால் விலகுகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு டக்.

வண்டி சொல்லியிருக்கிறது. நூற்று எண்பத்தேழு தடவை சொல்லியிருக்கிறது. அவன் உட்கார்ந்து அதன் வாயை ஒவ்வொரு தடவையாகப் பொத்தியிருக்கிறான்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

டீச்சருக்கு போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி மறுபடி செய்தான். ஸ்பேனரைப் பிடித்தபடி முற்றத்துக்கு ஓடினான். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் உறை நீக்கப்பட்டு நின்றது. பக்கத்தில் டெஸ்ட் டிரைவர் மஞ்சள் துணியால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் என்பதால் அவனுக்கு 'பிரேக்' என்று பெயர்.

"அண்ணே, கையில இரும்ப வெச்சுக்கிட்டு இது பக்கம் வராதீங்க. கீறல் விழுந்தா என் சம்பளத்துல பத்து வருஷம் போயிரும்."

"டயாலிசிஸ் சென்டர் தெரியுமில்ல, மேம்பாலம் தாண்டி? அங்க போகணும். இப்பவே."

"யாருக்கு முடியல?"

அவன் நாலு வாக்கியத்தில் சொன்னான். பிரேக்கின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். "ஏறுங்க. பத்தே முக்காலுக்கு வண்டி இங்க நிக்கணும். கேட்டா டயர் சூடு பண்ணப் போனேன்னு சொல்லிக்கறேன்."

அந்தக் காரில் ஏறுவது என்பது கிணற்றில் இறங்குவது மாதிரி. முதுகு கிட்டத்தட்டத் தரையில் கிடக்க, கால் எங்கேயோ முன்னால் இருந்தது. பிரேக் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியதும் சுற்றியிருந்தவை எல்லாம் பின்னால் பறந்தன. கண் சிமிட்டுவதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார்கள்.

முந்நூறு கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய வண்டி தெருமுனையில் வேகத்தடைக்கு முன்னால் நின்றது.

"என்ன?"

"நேராப் போனா அடி உரசும். குறுக்காத்தான் ஏத்தணும்." ஒரு சக்கரமாக, ஒரு சக்கரமாக, சாய்ந்து சாய்ந்து ஏற்றினான். பக்கத்தில் காய்கறி வண்டி ஒன்று இவர்களைத் தாண்டிப் போனது. தள்ளுகிறவர் திரும்பிப் பார்த்து, கை வேணுமா என்கிற மாதிரி சைகை காட்டினார்.

"இறங்கி ஓடிரலாம் போலிருக்கு" என்றான் காது.

"இறங்கறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகும்ணே."

அடுத்த தெருவில் ஒரு சைக்கிள்காரர் சட்டென்று குறுக்கே வந்தார். பிரேக்கின் கால் அசைவதற்கு முன்பே கார் சுவரில் முட்டியது மாதிரி நின்றது. சைக்கிள்காரர் எதுவும் நடக்காதது போலப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, நான் மிதிக்கல. அதுவே மிதிச்சுது" என்றான் பிரேக், நெஞ்சைத் தடவிக்கொண்டு. "உங்க டீச்சர் வண்டியா இருந்தா அந்த ஆளு இந்நேரம் பானட் மேல உக்காந்திருப்பாரு. குறை சொல்லக் கூடாது, இதுவும் நல்ல பிள்ளதான்."

உண்மைதான். டீச்சரின் காரில் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கப் பக்கத்தில் ஒரு மனுஷர் உட்கார வேண்டும். இதற்கு யாரும் வேண்டாம். ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காக அந்த நிமிஷம் அவன் இதற்கும் மனதாரக் கும்பிடு போட்டான். ஆனால் டயர் பஞ்சரானால் மாற்ற இதில் ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கி கிடையாது, ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. இன்றைக்கு இந்தக் காருக்குள் இருக்கும் ஒரே கருவி, பழைய காரிலிருந்து அவன் தூக்கி வந்தது.

பெரிய சாலைக்கு வந்ததும் பிரேக் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். ஸ்பீக்கரிலிருந்து உறுமல் எழுந்தது. அவன் துவைத்துக் கொடுத்த சத்தம். பால் மாதிரி இருந்தது. ஒவ்வொரு 'டக்' எங்கே இருந்தது, எங்கே இப்போது இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி காது அந்த இடங்களிலேயே போய்ப் போய் நின்றது.

"அத நிறுத்து."

"நிறுத்தினா எவ்வளவு வேகத்துல போறோம்னே தெரியாதுண்ணே."

"நிறுத்துடா."

உறுமல் நின்றது. ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும். பிறகு அடியில் எங்கேயோ கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டயர்ல கல்லு மாட்டியிருக்கு" என்றான் காது.

"காலையிலேர்ந்தே இருந்திருக்கும்போல" என்று முணுமுணுத்தான் பிரேக். "எனக்குக் கேக்கவே இல்லையே."

வண்டிக்கு வலிச்சா எப்படிப்பா சொல்லும்? மூன்று வருஷம் கழித்து அந்தக் கேள்வி வந்து மடியில் உட்கார்ந்தது.

மேம்பாலம் வந்தது. அவன் பயந்ததே இந்த இடத்துக்குத்தான். ஏறும்வரை ஒன்றுமில்லை, இறக்கத்தில் கனமான பழைய வண்டி தானாக வேகம் எடுக்கும். இறக்கத்தின் கடைசியில் வளைவு. 'கடவுளே, நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த அஞ்சு நட்டையும் நீயே புடிச்சுக்க' என்று வேண்டிக்கொண்டான். வளைவில் உடைந்த கண்ணாடி இல்லை, கூட்டம் இல்லை. ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

சென்டரின் வாசல் மேடு. கார் அதில் ஏறாது. அவன் வெளியிலேயே இறங்கி உள்ளே ஓடினான். வண்டி நிறுத்தும் இடத்தில் பச்சைக் கார் இல்லை. வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சரா? ஒன்பதே முக்காலுக்கு டாண்ணு வந்துருவாங்க. இன்னிக்குக் காணோமே."

மணி பத்து.

திரும்பி வாசலுக்கு வந்தான். பிரேக் கண்ணாடியை இறக்கினான். "அண்ணே, நான் திரும்பினாத்தான் நேரத்துக்குப் போக முடியும். நீங்க வரலியா? உங்க சத்தத்தப் பத்தி யாரு பேசுவா?"

"அது பேசிக்கும். நீ போ. போறதுக்கு முன்னாடி அந்தக் கல்ல எடுத்துரு."

பிரேக் இறங்கிக் குனிந்து சாவியால் கல்லை நெம்பி எடுத்தான். அன்றைக்கு அவன் பேசாமல் செய்த ஒரே காரியம் அதுவாக இருக்கும். கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

பத்து மணி பத்து நிமிஷம். வாசலுக்கும் மரத்துக்கும் நடந்தான். மரத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டான். வந்துவிட்டால் போதும் என்று நினைத்தான். வந்துவிட்டால் அவர்கள் உள்ளே போன பிறகு பேசாமல் நட்டுகளை இறுக்கிவிடலாம். பூட்டில்லாத டிக்கியில் ஸ்பேனரை வைத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பயந்த மனம் எவ்வளவு சீக்கிரம் சந்து பொந்துகளைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அப்போது கேட்டது. டக். டக். டக். மிக மெதுவாக. பச்சைக் கார் நடந்து வருகிற மாதிரி வாசலில் ஏறி உள்ளே வந்தது. அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

முன்சீட்டிலிருந்து ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் இறங்கினார். பின்னாலிருந்து தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி, கையில் போர்வையோடு.

"ஊர்வலம் வந்து சேர்ந்துருச்சு" என்றார் போஸ்ட்மேன். "சைக்கிள்ல தபால் குடுத்தப்போகூட நான் இவ்வளவு மெதுவாப் போனதில்ல. ஆனாலும் பாதி வழி என் பக்கத்துப் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் வந்தேன், டீச்சருக்குத் தெரியாம."

"தெரியும். வண்டி திணறினப்பவே தெரியும்" என்றார் டீச்சர். டப்பாவிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார். அது வரிசையாக மணியடித்தது. "யாரு இது பதினாலு தடவ... தம்பி, நீங்களா?" நிமிர்ந்து பார்த்தார். அவன் கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"இது எங்க இருந்துச்சு?"

"என் ஒயர்ப் பெட்டியில டீச்சர்."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் உங்ககிட்ட குடுத்தேனா? எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொன்னேனா? சொல்லிட்டு மறந்துட்டேனா?"

அந்தக் கேள்வியில் இருந்த பயம் அவனுக்குப் புரியவில்லை. ஆனால் பயம் என்பது கேட்டது. மரத்தடியில் அவன் கண்டுபிடித்த சந்தெல்லாம் அங்கேயே அடைபட்டது.

"இல்ல டீச்சர். நீங்க டீ போட உள்ள போயிட்டீங்க. நான்தான் எடுத்தேன். சக்கரத்தக் கழட்டி மாட்டினேன். பாதிதான் இறுக்கினேன். போன் வந்துச்சு. பேசிக்கிட்டே இதையும் ஒயரோட சுருட்டிப் போட்டுட்டேன். அந்தச் சக்கரம் மூணு நாளா லூசா இருக்கு. அதோட சத்தம் எனக்குக் கேட்டுது. கேட்டும், அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுட்டேன்."

போஸ்ட்மேன் மெதுவாகக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். தையல்கடை அக்கா போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டீச்சர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க அக்காவுக்கு மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல சாவி. அப்புறம் அடுப்பு. கடைசியில என் பேரு." சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நேத்து கடைக்குப் போறப்போ டக் டக்னு கேட்டுது. வீல் கப் ஆடுதுபோலன்னு ஸ்பேனரத் தேடினா, அந்தப் பை காலியா இருக்கு. நாப்பது வருஷத்துல அது காலியா இருந்ததே இல்ல தம்பி. நீங்க திரும்ப வெச்சிருப்பீங்க, நான்தான் எடுத்து எங்கயோ வெச்சுட்டேன்னு நெனச்சேன். வீடு பூராத் தேடினேன். சர்க்கர டப்பாக்குள்ளகூடப் பாத்தேன். நமக்கும் வந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். வர்ற வழியிலதான் இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன், இதுதான் கடைசி ட்ரிப்பு, அடுத்த வாரத்துக்கு வேற வண்டி பாத்துக்குங்கன்னு."

"நாங்க எங்க ஒத்துக்கிட்டோம்?" என்றாள் தையல்கடை அக்கா. "பஸ்ல போனா திரும்பி வர்றப்போ நிக்கக்கூட முடியாதுன்னு சொன்னேனே."

"நட்டுதான் கழண்டிருக்கு, டீச்சருக்கு ஒண்ணும் கழலல" என்றார் போஸ்ட்மேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குத் தூங்கிட்டு வந்திருப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரே கையால் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். பிறகு அவனைப் பார்த்தார். ஓட்டப் பழகியவர்கள் எல்லோரும் பயந்த பார்வை அதுவாகத்தான் இருக்கும்.

"பெரிய தப்பு தம்பி. ரெண்டு பேரு என்னை நம்பி உக்காந்திருக்காங்க."

"தெரியும் டீச்சர்."

"சத்தம் கேட்டுது, காரணம் புரியல. சரி, வண்டி என்னமோ சொல்லுது, என்னன்னு புரியற வரைக்கும் இருபதுக்கு மேல போகக் கூடாதுன்னு வந்தேன். அதனாலதான் நேரமாச்சு." எழுந்து நின்றார். குரல் தணிந்தது. "நீங்க பேசாம அத டிக்கில போட்டுட்டுப் போயிருந்தா, அது அங்கயே இருந்தும் என் கண்ணுக்குத் தெரியலன்னு நெனச்சிருப்பேன். அன்னியோட நான் சாவியக் கையில எடுத்திருக்க மாட்டேன்."

அவன் தலை நிமிரவில்லை.

"நர்சு கத்தப் போறா, வாங்க வாங்க" என்று இருவரையும் அழைத்துக்கொண்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பினார். "சாவி வேண்டாமில்ல? டிக்கி தெரியுமில்ல?"

"தெரியும் டீச்சர். ரெண்டு தட்டு."

"மூணு தட்டினா நெளிஞ்சுரும்" என்றுவிட்டு, போஸ்ட்மேனின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். கதவு மூடிக்கொண்டது.

வாட்ச்மேன் சாப்பாட்டுப் பையோடு பின்பக்கம் போயிருந்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் யாரும் இல்லை. தூறல் விழத் தொடங்கியது. அவன் சட்டைப் பையில் போன் நடுங்கியது, மேனேஜராக இருக்கும். எடுத்து அணைத்து, காரின் டேஷ்போர்டு டப்பாவில் போட்டு மூடினான். முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

வீல் கப்பைக் கழற்றினான். ஐந்து நட்டுகளும் இருந்தன. ஒன்று விரலாலேயே சுற்றியது. ஸ்பேனரை மாட்டி இறுக்கினான். ஒன்று, அதற்கு எதிரே இருப்பது, மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொன்றும் கடைசியில் 'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து, அது வந்த பிறகே அடுத்ததற்குப் போனான். ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். பிறகு எழுந்து, அவன் தொடாத மற்ற மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு நட்டாக ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. அவை டீச்சர் இறுக்கியவை.

சட்டை நனைந்திருந்தது. விரல்கள் எதையும் தட்டாமல் இருப்பதை அவன் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் ஸ்பேனரின் ஈரத்தைத் துடைத்தான். டிக்கியை இரண்டு தட்டுத் தட்டினான். துணிச்சுருளை அவிழ்த்தான். வரிசையில் ஒரு பை மட்டும் காலியாக, இத்தனை வருஷம் இருந்ததன் வடிவத்தை மறக்காமல் திறந்து கிடந்தது. சிவப்பு டேப் வெளியே தெரியும்படி ஸ்பேனரை அதில் இறக்கினான். சுருட்டி, நாடாவைக் கட்டி, இருந்த இடத்தில் வைத்தான்.

டிக்கியை மூடி இரண்டு தட்டுத் தட்டினான். போனை எடுத்துக்கொண்டு, மழையில் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.